சைக்கிளைவிட்டு இறங்கிய காலம்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நெறியாளர் ஆற்றிய நிறைவுரையின் விரிவு)



‘காலனி ஆட்சி: ஆண்டோரும் ஆளப்பட்டோரும்’ என்ற தலைப்பில் அண்மையில் எங்கள் கருத்தரங்கை நடத்தினோம். பேச்சாளர்கள் பேசி முடித்தார்கள். பார்வையாளர் கேள்வி நேரம் வந்தது. மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். வயது எண்பதைத் தாண்டியிருக்கும். ஒலிவாங்கியைக் கையில் வாங்கியதும் அவர் கேள்வி கேட்கவில்லை. தீர்ப்பே சொல்லிவிட்டார்.

“என்னதான் பேசுங்க தம்பி, வெள்ளக்காரன் காலந்தான் நல்ல காலம். தேதி தவறாம சம்பளம் வரும். தோட்டத்துல ஆஸ்பத்திரி இருந்திச்சு, பள்ளிக்கூடம் இருந்திச்சு, கோயில் இருந்திச்சு. ரயிலும் ரோடும் யாரு போட்டது? இப்ப எங்கள யாரு பார்க்கிறா?”

அரங்கில் பாதிப் பேர் கைதட்டினார்கள். விளம்பர இடைவேளைக்கு ஒன்றரை நிமிடமே இருந்தது. “ஐயா சொல்வதிலும் ஓர் உண்மை இருக்கிறது” என்று பொதுவாக ஒரு வாக்கியத்தைச் சொல்லிச் சமாளித்துவிட்டேன். நிகழ்ச்சி முடிந்து வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தச் சமாளிப்பு என்னை உறுத்தியது. அந்தப் பெரியவருக்கு நான் ஒரு பதில் கடன்பட்டிருக்கிறேன். இந்தக் கட்டுரை அந்தக் கடனை அடைக்கும் முயற்சி.

ரயில் எங்கே போனது?

முதலில் பெரியவர் சொன்ன ரயிலிலிருந்தே தொடங்குவோம். மலாயாவின் முதல் ரயில்பாதை 1885ஆம் ஆண்டு தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்குப் போடப்பட்டது. அடுத்த ஆண்டு கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கமாக இன்னொரு பாதை திறக்கப்பட்டது. இரண்டையும் வரைபடத்தில் பாருங்கள். இரண்டுமே ஈயம் தோண்டிய இடத்தில் புறப்பட்டுக் கப்பல் வரும் திசையில் போகின்றன. ஊரையும் ஊரையும் இணைப்பது பின்னால் வந்த நன்மை. ஈயத்தைக் கடலுக்குக் கொண்டுபோவதுதான் முதல் நோக்கம்.

அடுத்து ரப்பர். 1876இல் பிரேசிலிலிருந்து லண்டனின் கியூ தாவரத் தோட்டத்துக்கு ரப்பர் விதைகள் போயின. அங்கே முளைத்த கன்றுகளில் சில 1877இல் சிங்கப்பூருக்கு வந்தன. சிங்கப்பூர் தாவரத் தோட்டத்தின் இயக்குநராக 1888இல் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பால் வெட்டும் முறையைச் செம்மைப்படுத்தினார். ரப்பர் நடுங்கள் என்று தோட்டக்காரர்களிடம் அவர் வற்புறுத்தியபோது அவரைப் பைத்தியம் என்று கேலி செய்தவர்கள் உண்டு. மோட்டார் கார் பெருகியதும் கேலி நின்றது. 1910இல் ரப்பர் விலை உச்சத்துக்கு ஏற, லண்டன் பங்குச் சந்தையில் மலாயா தோட்டப் பங்குகளுக்கு அடிதடி நடந்தது.

மரம் இருந்தது, பணம் இருந்தது, கை வேண்டும். அந்தக் கைகள் தமிழகத்திலிருந்து வந்தன. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பெரும் பஞ்சத்தை நம் முன்னோர் தாது வருஷப் பஞ்சம் என்பார்கள். நிலமில்லாதவனுக்கும், சாதியின் பெயரால் ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவனுக்கும் கடல் கடப்பது ஒரு வழியாகத் தெரிந்தது. முதலில் ஒப்பந்த முறை இருந்தது. 1910இல் அது நிறுத்தப்பட்டது. அதன்பின் கங்காணி முறை ஓங்கியது. தோட்டத்துக் கங்காணி தன் சொந்த ஊருக்கே போய், உறவும் அயலுமாக ஆள் கட்டிக்கொண்டு வருவார். 1938இல் இந்திய அரசாங்கம் தடை விதிக்கும்வரை இது நடந்தது.

அப்படியானால் பெரியவர் சொன்ன மருத்துவமனை பொய்யா? பொய்யில்லை. 1901 முதல் கிள்ளானில் மலேரியாவை எதிர்த்துப் போராடிய டாக்டர் மால்கம் வாட்சன் உண்மையாகவே உயிர்களைக் காத்தவர். சதுப்பு நிலத்தை வடித்து, கொசு பெருகும் இடங்களை ஒழித்தார். அதை மறைத்துப் பேசுவது நன்றிகெட்டதனம். ஆனால் தோட்ட நிறுவனங்கள் அதற்குச் செலவு செய்யச் சம்மதித்ததற்குக் காரணம், கப்பல் கூலி கொடுத்துக் கொண்டுவந்த ஆள் காய்ச்சலில் போனால் நட்டம் என்பதுதான். பள்ளிக்கூடக் கதையும் அதேதான். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. பல தோட்டங்களில் ஒரு கொட்டகையும், வாத்தியாராக ஒரு கங்காணியோ கிராணியோ போதும் என்று முடித்துக்கொண்டார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும் அளவுக்குப் பள்ளி இருந்தது. தோட்டத்தைவிட்டு வெளியேறும் அளவுக்கு இல்லை.

ஒரு தோட்டம், ஒரு சின்னப் பேரரசு

பேரரசு என்றால் நமக்கு மகாராணியும் கொடியும் பீரங்கியும் நினைவுக்கு வரும். அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஒரு ரப்பர் தோட்டத்தைப் பார்த்தாலே பேரரசு எப்படி இயங்கியது என்பது விளங்கிவிடும்.

மேட்டில் பெரிய துரையின் பங்களா. சற்றுத் தள்ளிச் சின்ன துரையின் வீடு. அதற்குக் கீழே ஆபீஸ், கிராணிமார் வீடுகள். இன்னும் கீழே கங்காணி. பள்ளத்தில் லயத்து வீடுகள், பக்கத்திலேயே கள்ளுக்கடை. விடியுமுன் மணி அடித்ததும் எல்லாரும் பெரட்டுக்கு நிற்க வேண்டும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. நூற்றுக்கணக்கான தொழிலாளர்களை ஒன்றிரண்டு வெள்ளைக்காரர்கள் எப்படி அடக்கி ஆண்டார்கள்? அவர்கள் நேரடியாக அடக்கவில்லை. ஏணி ஒன்றைக் கட்டினார்கள். துரை கிராணியை விரட்டுவார், கிராணி கங்காணியை விரட்டுவார், கங்காணி தொழிலாளியை விரட்டுவார். கிராணி வேலைக்குப் பெரும்பாலும் ஆங்கிலம் படித்த இலங்கைத் தமிழரும் மலையாளிகளும் வந்தார்கள். ஆக, தொழிலாளி தினமும் முகத்துக்கு நேரே வெறுத்தது தன் நிறத்து மனிதனை. துரை மாதம் ஒரு முறை சிரித்தால் அவர் தர்மவானாகிவிடுவார்.

தோட்டத்துக்கு வெளியே நாடும் அப்படித்தான் பிரிக்கப்பட்டிருந்தது. சீனர் ஈய லம்பத்திலும் கடைத்தெருவிலும், மலாய்க்காரர் வயலிலும் கம்பத்திலும், தமிழர் தோட்டத்திலும் ரயில் தண்டவாளத்திலும். மூவரும் சந்தித்துப் பேசிக்கொள்ளும் இடம் சந்தை ஒன்றுதான். தமிழருக்குத் தோட்டத்திலேயே கள்ளு, சீனத் தொழிலாளருக்கு அபின். தொடுவாய்க் குடியேற்றங்களின் அரசாங்க வருமானத்தில் பல ஆண்டுகள் ஏறத்தாழப் பாதி அபினிலிருந்தே வந்தது. உழைத்த கூலியின் ஒரு பங்கு அதே ஆட்சியின் கல்லாவுக்குத் திரும்பிப் போனது என்பதை நினைத்துப் பாருங்கள்.

கூலி உயர்வு மட்டுமா கேட்டார்கள்?

1930களின் பொருளாதார வீழ்ச்சியில் இந்த ஏணியின் உண்மை முகம் தெரிந்தது. ரப்பர் விலை சரிந்ததும் கூலி வெட்டப்பட்டது. 1930 முதல் 1932க்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் கப்பலேறி இந்தியாவுக்குத் திரும்பினார்கள். மரத்துக்கு வேலை இல்லையென்றால் ஆளுக்கும் இடமில்லை. தேதி தவறாத சம்பளம் என்று பெரியவர் சொன்னாரே, அது ரப்பர் விலை தவறாதவரை கிடைத்த சம்பளம்.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தது. முன்னின்றவர் ஆர்.எச். நாதன். அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளைப் படிக்கும்போது நான் ஓரிடத்தில் அப்படியே நின்றுவிட்டேன். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி வேண்டும் என்றார்கள், சரி. கள்ளுக்கடையை மூட வேண்டும், பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்த வேண்டும், பிள்ளைகளுக்குக் கல்வி வேண்டும், சங்கம் வைக்க உரிமை வேண்டும் என்றார்கள். அந்த வரிசையில் இன்னொன்றும் இருந்தது. துரையோ, ஆபீஸ் உத்தியோகஸ்தரோ எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும்.

உயிரைப் பணயம் வைத்து நடத்திய போராட்டத்தில் இது ஒரு கோரிக்கை. சோற்றுக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆனால் அந்த மனிதன் தன் கூலியில் மிச்சம் பிடித்து வாங்கிய சைக்கிள் அது. அதன்மேல் உட்கார்ந்திருக்கக்கூட இன்னொருவன் அனுமதி வேண்டும் என்றால், அவன் வயிற்றைவிட ஆழமான ஓரிடத்தில் அடி விழுகிறது. காலனி ஆட்சி நம்மிடமிருந்து எடுத்துச்சென்ற ஈயத்தையும் ரப்பரையும் கணக்குப் போட்டுவிடலாம். குனிந்து குனிந்து முதுகில் படிந்துபோன வளைவுக்கு எந்தத் தராசில் கணக்கு?

நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். படை வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் உயிரிழந்தார்கள்.

துரைக்கு என்ன ஆயிற்று?

இவ்வளவும் நாம் அடிக்கடி பேசுவதுதான். பேசாத பாதி ஒன்று இருக்கிறது. அந்தச் சைக்கிளிலிருந்து தொழிலாளி இறங்கியபோது எதிரே வந்த துரைக்கு என்ன ஆயிற்று?

பெரும்பாலான சின்ன துரைமார்கள் இருபது வயதைத் தாண்டியவுடன் ஸ்காட்லாந்திலிருந்தோ இங்கிலாந்திலிருந்தோ வந்த இளைஞர்கள். ஊரில் அவர்கள் பிரபுக்கள் அல்லர். முதல் ஒப்பந்த காலம் முடியும்வரை திருமணம் செய்யப் பல நிறுவனங்கள் அனுமதிக்கவில்லை. பிள்ளை பிறந்தாலும் ஏழெட்டு வயதில் சீமையிலுள்ள விடுதிப் பள்ளிக்கு அனுப்பிவிட வேண்டும். அவர்களுக்கும் ஓர் ஏணி இருந்தது. அதன் உச்சி லண்டனில் இருந்தது. தோட்டத்தில் வேலை வாங்க வேண்டுமே என்று தமிழ் கற்றார்கள். அதற்கென்றே கையேடுகள் அச்சாயின. ‘கூலித் தமிழ்’ என்றே ஒரு நூலுக்குப் பெயர். வள்ளுவரும் கம்பரும் பேசிய மொழியை வேலை ஏவுவதற்கான மொழியாக மட்டும் ஒருவன் தெரிந்துகொண்டால், இழப்பு வள்ளுவருக்கா, அவனுக்கா?

இந்த உண்மையை உள்ளிருந்தே எழுதியவர் ஒருவர் உண்டு. ஜார்ஜ் ஓர்வெல் என்ற புனைபெயரில் பின்னால் புகழ்பெற்றவர். இந்தியாவின் பீகாரில் 1903இல் பிறந்தவர். தந்தை அங்கே அரசாங்க அபின் இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர். மகன் 1922 முதல் 1927 வரை பர்மாவில் காவல்துறை அதிகாரி. 1936இல் அவர் எழுதிய ஒரு கட்டுரையில் மதம்பிடித்து ஓடிய யானை ஒன்று வருகிறது. அவர் துப்பாக்கியோடு போய்ச் சேரும்போது யானை அமைதியாகிப் புல் மேய்ந்துகொண்டிருக்கிறது. சுட வேண்டிய தேவையே இல்லை. ஆனால் பின்னால் பெருங்கூட்டம். துரை சுடுவார் என்று காத்துக்கொண்டிருக்கிறது. சுடாமல் திரும்பினால் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குப் பயந்து, மனமில்லாமல், அந்த யானையைக் கொல்கிறார்.

யோசித்துப் பாருங்கள். கையில் துப்பாக்கி வைத்திருப்பவன் அவன். கட்டளையிடுவது கூட்டம். அடக்கி ஆள்பவன் எப்போதும் ஆள்பவனாக நடித்துக்கொண்டே இருக்க வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல முடியாது. வருந்தினால் காட்டிக்கொள்ள முடியாது. மற்றவனைச் சைக்கிளிலிருந்து இறக்கியவன், தான் ஏறிய குதிரையிலிருந்து இறங்கவே முடியாமல் போனான்.

70 நாளில் சரிந்த மேடை

நடிப்பு ஒருநாள் கலைந்தது. 1941 டிசம்பர் 8ஆம் தேதி ஜப்பானியப் படை கோத்தபாருவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் சரணடைந்தது. இடையில் 70 நாள்தான். ஜப்பானியச் சிப்பாய்களில் ஏராளமானோர் எதில் வந்தார்கள் தெரியுமா? சைக்கிளில். யாரைக் கண்டாலும் அவர்கள் இறங்கவில்லை.

டிசம்பர் நடுவில் பினாங்கிலிருந்து ஐரோப்பியர்கள் இரவோடு இரவாக வெளியேற்றப்பட்டார்கள். ஆசிய மக்களுக்குச் சொல்லப்படவில்லை. குண்டு விழுந்துகொண்டிருந்த ஊரில், கோட்டையில் பறந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கியவர் ‘ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ’ நாளேட்டின் ஆசிரியராக இருந்த மாணிக்கசோதி சரவணமுத்து. காப்பாற்றுவோம் என்று சொல்லி ஆண்டவர்கள் போய்விட்டார்கள். எஞ்சிய மக்களைக் கவனிக்க எஞ்சிய மக்களே குழு அமைத்தார்கள். நம்மால் முடியும் என்று பலருக்கு முதன்முறையாகத் தோன்றிய நாள் அது.

அதற்கு நம் தொழிலாளர் கொடுத்த விலை பயங்கரமானது. துரை இல்லாத தோட்டங்களிலிருந்து ஜப்பானியர் ஆள் பிடித்தார்கள். சயாம்-பர்மா இடையே 415 கிலோமீட்டர் ரயில்பாதை போடப் போன தமிழர்களில் பல்லாயிரம் பேர் காலராவிலும் பட்டினியிலும் மாண்டார்கள். உத்தரவு வந்தால் வரிசையில் நிற்கப் பழகிய சனம், அந்த வரிசை எங்கே போகிறது என்று கேட்க முடியாமல் போயிற்று.

எரித்த காகிதம்

போர் முடிந்து பிரிட்டிஷார் திரும்பி வந்தார்கள். கடனில் தத்தளித்த பிரிட்டனுக்கு மலாயாவின் ரப்பரும் ஈயமும் டாலர் ஈட்டித் தரும் பசுவாயின. 1948இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் சிலாங்கூரின் பத்தாங் காலியில் ஆயுதமற்ற 24 பேரை ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படையினர் சுட்டுக் கொன்றார்கள். தப்பியோட முயன்றார்கள் என்றது அரசாங்கம்.

சுட்டவர்கள் பலர் இளைஞர்கள். அவர்களில் சிலர் இருபது ஆண்டு கழித்து வாய் திறந்தார்கள். அவர்கள் தப்பி ஓடவில்லை என்று அவர்கள் சொன்னது 1970இல் பிரிட்டிஷ் பத்திரிகை ஒன்றில் வெளிவந்தது. இறந்தவர்களின் குடும்பத்தார் வழக்காடி லண்டன் உச்ச நீதிமன்றம்வரை போனார்கள். விசாரணை நடத்தும் சட்டக் கடமை இல்லை என்று 2015இல் தீர்ப்பு வந்தது. இருபது வருடம் தூங்காத அந்தச் சிப்பாயும் பேரரசு விட்டுச்சென்ற காயம்தான்.

1957இல் சுதந்திரம் நெருங்கியபோது கோலாலம்பூரிலிருந்து அரசாங்கக் கோப்புகள் லாரிகளில் ஏற்றப்பட்டுச் சிங்கப்பூர் கடற்படைத் தளத்துக்குக் கொண்டுபோய் எரிக்கப்பட்டன. எரிக்காத கோப்புகள் பல காலனிகளிலிருந்து சீமைக்குப் போய் மறைந்து கிடந்தன. கென்யாவில் வதைபட்ட முதியவர்கள் தொடுத்த வழக்கால் 2011இல் அவை வெளிச்சத்துக்கு வந்தன. தங்கள் தாத்தா என்ன செய்தார் என்பதைப் பேரப்பிள்ளைகள் அறியாமல் வளர்ந்தார்கள். ஆளப்பட்டவன் தன் நிமிர்வை இழந்தான். ஆண்டவன் தன் நினைவை இழந்தான்.

நம்மிடம் மிஞ்சியது

இனி நம் பக்கம் வருவோம். வெள்ளைக்காரன் போய்ப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, விற்கப்பட்டன, செம்பனையாயின, வீடமைப்புத் திட்டங்களாயின. தோட்டத்தோடு வேலை, வீடு, கோயில், பள்ளி எல்லாம் ஒரே நாளில் போனவர்கள் ஏராளம். ‘அந்தக் காலம் நல்ல காலம்’ என்ற ஏக்கம் பிறந்தது அங்கேதான். எல்லாவற்றுக்கும் தோட்டத்தையே நம்பியிருக்கும்படி ஒரு சமுதாயத்தை வளர்த்ததும், பிறகு அந்தத் தோட்டத்தையே விற்றுவிட்டுப் போனதும் ஒரே கை என்பதை அந்த ஏக்கம் மறைத்துவிடுகிறது.

இன்னொன்றும் மிஞ்சியிருக்கிறது. அது அந்த ஏணி. இன்று செம்பனைத் தோட்டத்திலும் கட்டுமானத் தளத்திலும் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் வேலை செய்கிறார்கள். கடனோடு வந்து, தகரக் கொட்டகையில் தங்கி, ஊருக்குப் பணம் அனுப்புகிறார்கள். நம் பாட்டன் செய்ததையேதான். அவர்களை நாம் என்னவென்று அழைக்கிறோம்? ‘பங்களா’ என்கிறோம். பெயர் கேட்பதில்லை. எங்கள் அடுக்குமாடி வாசலில் ஓராண்டாகத் தடுப்பைத் தூக்கிவிடும் காவலாளியின் பெயர், இந்தக் கட்டுரையை எழுத உட்காரும்வரை எனக்கும் தெரியாது. கூச்சத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

துரை போய்விட்டார். பங்களாவின் சாவியை யாரிடம் கொடுத்துவிட்டுப் போனார் என்பதுதான் இன்றைய கேள்வி.

பெரியவரிடம் வருகிறேன். நிகழ்ச்சி முடிந்து அவரை வண்டிவரை கொண்டுபோய் விட்டேன். “என் பதில் உங்களுக்குத் திருப்தியில்லை, இல்லையா ஐயா?” என்றேன். சிரித்தார்.

“எங்கப்பாகிட்ட ஒரு சைக்கிள் இருந்திச்சு தம்பி. எனக்குப் பத்து வயசுல அதுலதான் ஓட்டக் கத்துக் கொடுத்தாரு. முதல்ல என்ன கத்துக் கொடுத்தாரு தெரியுமா? ஏறுறது இல்ல. இறங்குறது. துரை வந்தா டக்குனு இறங்கணும்டா, விழுந்துடக் கூடாதுன்னு பத்துத் தடவ இறங்க வச்சாரு.”

சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு சொன்னார்: “நல்ல காலம்னு நான் சொன்னது எங்கப்பா இருந்த காலத்த.”

பெரியவரின் ஏக்கம் நியாயமானது. அது வெள்ளைக்காரனைப் பற்றிய ஏக்கம் இல்லை என்பதை அவரே சொல்லிவிட்டார். நான் அவருக்குத் தர வேண்டிய பதிலையும் அவரே தந்துவிட்டார். நமக்கு மிஞ்சும் வேலை ஒன்றுதான். நம் பிள்ளைகளுக்குச் சைக்கிள் ஏறக் கற்றுக்கொடுப்போம். எதிரே வருபவன் யாராக இருந்தாலும் அவனை இறங்கச் சொல்லாதே என்பதையும் சேர்த்தே கற்றுக்கொடுப்போம்.

காவலாளியின் பெயரை நேற்றுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவர் என் பெயரைக் கேட்டார். சொன்னேன்.

அடுத்த வாரம் வேறொரு தலைப்பில் சந்திப்போம்.